பன்னிரண்டு டிகிரிப் பொய்

அன்று மழை பெய்ததா இல்லையா என்று இப்போது அடித்துச் சொல்ல முடியவில்லை. பெய்தது என்கிறான் டாக்ஸி. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டதாம். அது வியர்வை என்கிறாள் அவனுடைய அண்ணி. வழக்கோடு வந்த தையல்காரி முதலில் அழுதாளா, முதலில் திட்டினாளா என்பதிலும் இரண்டு கட்சி. இத்தனை வருஷம் கழித்துச் சொல்லும்போது நினைவு தன் வசதிக்கு ஒன்றிரண்டு இடங்களில் கைவைத்திருக்கலாம். ஆனால் பன்னிரண்டு என்ற எண்ணில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை. அதைக் கண்ணால் பார்த்தவர்கள் நான்கு பேர். ஒருவர் காக்கிச் சட்டை போட்டவர்.

காலை ஒன்பது மணி. விபத்து வண்டிகளைப் போலீஸ் கொண்டுவந்து நிறுத்தும் முற்றம். மூலையில் நாற்பது வயதான ஒரு கார், முகத்தின் இடது பாதி நசுங்கி நின்றது.

"பதினாறு பக்க அறிக்கை அண்ணி. அதுல ரெண்டு பக்கம் எழுதின புரொபசரோட பட்டமே வருது," என்றான் டாக்ஸி, காகிதங்களைப் புரட்டியபடி.

அண்ணி காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். டாக்ஸி என்பது அவன் பத்தொன்பது வருஷம் ஓட்டிய வண்டி, பெயராக ஒட்டிக்கொண்டுவிட்டது. இப்போது அண்ணியின் துப்பறியும் தொழிலில் அவன்தான் ஓட்டுநர், எடுபிடி, வாய். அண்ணி முன்பு காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் விபத்து வண்டிகளைச் சோதிக்கும் சர்வேயர். ஒருமுறை வண்டியை நேரில் பார்க்காமல், ஒரு நிபுணரின் பேச்சை நம்பிக் கையெழுத்துப் போட்டாள். ஒரு லாரி டிரைவர் பதினான்கு மாதம் உள்ளே இருந்தார். பிறகு உண்மை தெரிந்தது. அன்றே வேலையை விட்டாள். பேச்சையும் பாதி விட்டாள்.

'இவங்க பேசாம இருக்கற நேரத்துக்கெல்லாம் வெயிட்டிங் சார்ஜ் போட்டிருந்தா, இந்நேரம் ரெண்டு வீடு கட்டியிருப்பேன்' என்று டாக்ஸி ஊரெல்லாம் சொல்வான். அவன் ஜோக் அடித்தால் பாதி நேரம் கோபத்தில் இருக்கிறான் என்று அண்ணிக்கு மட்டும் தெரியும்.

அன்று நிறைய ஜோக் அடித்தான்.

"என் தம்பி பேசமாட்டான் மேடம்," என்றாள் தையல்காரி. கைப்பையை மார்போடு அழுத்திப் பிடித்திருந்தாள். "சின்ன வயசுலேர்ந்தே அப்படி. மௌனின்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க. இன்ஸ்பெக்டர் கேட்ட கேள்விக்கெல்லாம் தரையைப் பாத்துட்டு நின்னிருக்கான். குத்தம் பண்ணவன்தான் இப்படி நிப்பான்னு எழுதிட்டாங்க. ஒன்பது நாளாச்சு உள்ள போயி. நாளைக்குப் பத்து மணிக்கு ஜாமீன் மனு. இந்த அறிக்கை அப்படியே இருந்தா அவன் வெளிய வரமாட்டான். பட்டறையையும் மூடிடுவாங்க."

விஷயம் இதுதான். கார் ஒரு கண்ணாடிக் கடைக்காரருடையது. கண்ணுக்குப் போடும் கண்ணாடி. பழைய காரின் எஞ்சினுக்கு வெளியில் வாங்கிய ஒரு கம்ப்யூட்டர் பெட்டியை மாட்டி, தீப்பொறி விழும் நேரத்தை அந்தப் பெட்டியே பார்த்துக்கொள்ளும்படி மெக்கானிக் மௌனி செய்து கொடுத்தான். பத்து நாள் கழித்து, மேட்டில் ஏறும்போது எஞ்சின் உடைந்து சக்கரம் இறுகி, கார் ஒரு தண்ணீர் லாரியின் அடியில் போய்ச் செருகியது. ஓட்டியவர் கடைக்காரரின் தம்பி. இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. இனி நடப்பாரா என்று டாக்டர்களுக்கே தெரியவில்லை.

"கடைசி பக்கம் படி," என்றாள் அண்ணி.

டாக்ஸி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வானொலியில் செய்தி வாசிப்பவன்போல் வாசித்தான். "'டைமிங் லைட் கொண்டு அடிப்படை நேரம் சோதிக்கப்பட்டது. குறை ஏதுமில்லை. ஆகவே, பெட்டிக்குள் மெக்கானிக் எழுதிய தீப்பொறி நேர அட்டவணையே அளவு மீறியது. மூன்றாவது பிஸ்டனில் ஓட்டை விழுந்தது அதனால்தான்.' ஒப்பம், பாலிடெக்னிக் புரொபசர். ஒப்பம்கூட ரெண்டு வரி நீளம்."

"நேரம் பாக்கற கோடு எங்க இருக்கு?" என்று அண்ணி தையல்காரியிடம் கேட்டாள்.

தையல்காரி தயங்கவில்லை. புடவையைச் செருகிக்கொண்டு காரின் முன்னால் குனிந்தாள். வக்கீல் வாங்கித் தந்த அனுமதிக் கடிதத்தைக் கையில் வைத்திருந்த காவலர், "எதையும் கழட்டக் கூடாது" என்று மூன்றாவது தடவையாகச் சொன்னார்.

"இந்தச் சக்கரம்தான் மேடம், எஞ்சினோட சேந்து சுத்தறது. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது இதுல இருக்கற கோடு, பக்கத்துல இருக்கற முள்ளுக்கு நேரா வரணும். உச்சிக்குக் கொஞ்சம் முன்னாடி தீப்பொறி விழணும். ரொம்ப முன்னாடி விழுந்தா, ஏறி வர்ற பிஸ்டனை நடு வழியில சுத்தியால அடிச்ச மாதிரி. உச்சி எங்கன்னு பெட்டிக்கு ஒரு நம்பர் கொடுத்துச் சொல்லணும். அந்த நம்பர் தப்பாப் போச்சுன்னா அட்டவணை எவ்வளவு நல்லா இருந்தும் புண்ணியமில்ல."

"தையல் மெஷினுக்கு இவ்வளவு கிடையாதே?" என்றான் டாக்ஸி.

"அவன் என்கிட்ட மட்டும் பேசுவான் அண்ணே. இதைத்தான் பேசுவான்."

அண்ணி தரையில் மல்லாந்து படுத்து, டார்ச்சை அடித்தாள். வெகு நேரம் எழுந்திருக்கவில்லை. டாக்ஸி வாட்சைப் பார்த்தான். காவலர் டாக்ஸியைப் பார்த்தார்.

"ரெண்டு குறி இருக்கு," என்றது அண்ணியின் குரல், காருக்கு அடியிலிருந்து. "வெளி வளையத்துல ஒரு வெள்ளைக் கோடு. உள் வளையத்துல ஒரு சிவப்புப் பொட்டு."

தையல்காரி சட்டென்று நிமிர்ந்தாள். "சிவப்பு என்னுது! என் நெயில் பாலிஷ். எடுத்துட்டுப் போனா திருப்பித் தரவே மாட்டான்."

அவள் விளக்கிச் சொன்னாள். அந்தச் சக்கரம் ஒரே இரும்பு அல்ல. உள்ளே ஒரு வளையம், வெளியே ஒரு வளையம், நடுவில் ரப்பர். வயதானால் ரப்பர் விட்டுக்கொடுத்து வெளி வளையம் நழுவும். கம்பெனி வெட்டிய கோடு இருப்பது அந்த வெளி வளையத்தில். ஆகவே பழைய காரில் மௌனி அந்தக் கோட்டைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. முதல் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் ஒரு சைக்கிள் கம்பியை விட்டு, எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றி, பிஸ்டன் கம்பியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கும் உச்சியைக் கண்டுபிடிப்பான். பிறகு நழுவாத உள் வளையத்தில் சிவப்புப் பொட்டு வைப்பான்.

"அப்ப வெள்ளை?"

"அவன் வைக்கமாட்டான் மேடம். செத்தாலும் வைக்கமாட்டான். அந்தக் கம்பெனிக் கோட்டுக்குப் 'புளுகன்'னு பேர் வச்சிருக்கான்."

அண்ணி எழுந்து உட்கார்ந்தாள். காவலரைப் பார்த்தாள். "பிளக் ஏற்கெனவே கழட்டித்தான் இருக்கு. கம்பியை விட்டுப் பாக்கலாமா? நீங்களும் கூட நின்னு பாருங்க."

காவலருக்கும் ஆர்வம் வந்திருந்தது. சூடு ஆறிய எஞ்சின் பிடியை விட்டிருந்தது. டாக்ஸி ஸ்பேனரைப் போட்டுச் சுற்ற, உடைந்த மூன்றாவது பிஸ்டன் உள்ளே கறகறவென்று அழுதது. முதல் துளையில் கம்பி மெல்ல மெல்ல உயர்ந்து, நின்றது.

"முள்ளுக்கு நேரா எது?" என்றாள் அண்ணி.

காவலர் குனிந்து பார்த்தார். "சிவப்பு."

அண்ணி கைப்பையிலிருந்து கோணமானியை எடுத்தாள். டாக்ஸிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இதை வச்சு நான் பெஞ்சுல அரைவட்டம் கிறுக்கினதோட சரி. இதால ஒருத்தனை வெளிய கொண்டுவரலாம்னு வாத்தியார் சொல்லவே இல்ல."

சிவப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே பன்னிரண்டு டிகிரி.

தையல்காரியின் முகம் சிவந்துகொண்டே வந்தது. மௌனியின் லேப்டாப்பில் உச்சிக்காக இருந்த எண் அறுபது. காரின் பெட்டியில் இருந்த எண் எழுபத்திரண்டு. மெக்கானிக் விபத்துக்குப் பிறகு தன் லேப்டாப்பைத் திருத்தித் தப்பிக்கப் பார்க்கிறான் என்று இன்ஸ்பெக்டர் எழுதியிருந்தார். அந்த எண்களுக்கு நடுவிலும் இதே பன்னிரண்டு.

"யாரோ வெள்ளைக் கோட்டை நம்பியிருக்காங்க," என்றாள் அண்ணி மெதுவாக. "லைட் அடிச்சுப் பாத்திருக்காங்க. தீப்பொறி பன்னிரண்டு டிகிரி லேட்டுன்னு கோடு பொய் சொல்லியிருக்கு. மௌனி தப்பு பண்ணிட்டான்னு நினைச்சு, நம்பரைத் திருத்தியிருக்காங்க."

"விபத்துக்கு அப்புறம் யாராவது வெள்ளை அடிச்சிருந்தா?" என்றார் காவலர்.

அண்ணி டார்ச்சை நீட்டினாள். ரேடியேட்டர் வெடித்துத் தெறித்த பச்சைத் தண்ணீரும் சேறும் சூட்டில் வெந்து, வெள்ளைக் கோட்டின் மேல் பொருக்காக ஒட்டியிருந்தன. வெள்ளை அடியில். சேறு மேலே.

காவலர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார்.

கண்ணாடிக் கடையில் நாற்பது ஜோடிக் கண்ணாடிகள் சுவரிலிருந்து அவர்களை முறைத்தன. கடைக்காரர் மெல்லிய துணியால் ஒரே கண்ணாடியைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மெக்கானிக்கைத் தவிர யாரும் அந்த வண்டியைத் தொடலை. என் தம்பி அங்க படுத்துக் கிடக்கான். நீங்க அவனுக்கு வக்காலத்து வாங்கிட்டு வர்றீங்களா?" என்று கத்தினார். கோபம் உண்மையானதுதான். ஆனால் கண் மேஜையை விட்டு எழவில்லை.

"வண்டி எப்படி ஓடுச்சு?" என்றாள் அண்ணி.

"நல்லா ஓடுச்சு. கடைசி ரெண்டு நாள் சும்மா அம்பு மாதிரி போச்சு. அதான் தம்பி ஆசைப்பட்டு எடுத்துட்டுப் போனான்."

"அதுக்கு முன்னாடி எட்டு நாள்?"

துணி நின்றது. அண்ணி காத்திருந்தாள். டாக்ஸி மனதுக்குள் மீட்டரைப் போட்டான்.

"எனக்குக் கடையில வேலை இருக்கு," என்றார் கடைக்காரர் கடைசியில். "கிளம்புங்க."

வெளியே வந்ததும் டாக்ஸி கார்க் கதவை அறைந்து சாத்தினான். "ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டு விடறாரு. தன் வீட்டு வண்டியை யார் தொட்டாங்கன்னு இவருக்கு மட்டும் கண்ணு தெரியலையாம்!"

"எதிர்ப் பட்டறைக்காரனாத்தான் இருக்கணும்," என்று தையல்காரி பல்லைக் கடித்தாள். "ரெண்டு வருஷமா என் தம்பி மேல அவனுக்குக் காந்தல். நேரா அங்க போவோம். நான் கேக்கற விதத்துல கேக்கறேன்."

"முதல்ல புரொபசர்," என்றாள் அண்ணி. "யார் தொட்டாங்கன்னு அப்புறம் பாப்போம். சிவப்புப் பொட்டைப் பத்தி அவர் ஒரு வரி எழுதிக் கொடுத்தாப் போதும், நாளைக்கு ஜாமீன் கிடைச்சுடும். படிச்சவர். காட்டினா புரிஞ்சுக்குவார்."

நம்பிக்கையோடுதான் போனார்கள். அதை நினைத்தால் டாக்ஸிக்கு இன்றும் எரியும்.

பாலிடெக்னிக்கின் எஞ்சின் கூடம் பளிச்சென்று இருந்தது. இரும்பு மேடைகளில் ஐந்து எஞ்சின்கள். புரொபசர் மேஜையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். மடிப்புக் கலையாத சட்டை, பையில் மூன்று பேனா. அண்ணி சொல்லச் சொல்ல, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"நெயில் பாலிஷ்," என்று சிரித்தார். "அம்மா, நான் இருபத்தாறு வருஷமா பாடம் நடத்தறேன். கம்பெனிக்காரன் கோடு வெட்டி அனுப்பறது எதுக்கு? பட்டறையில ஒருத்தன் சைக்கிள் கம்பியை விட்டுக் குடைவான், அதை நான் ஒத்துக்கணுமா?"

"ஒரு தடவை வந்து பாருங்க சார். பத்து நிமிஷம்."

"கோடு இருக்கும்போது கம்பி எதுக்கு?"

டாக்ஸி பல்லைக் கடித்துக்கொண்டு எஞ்சின்களைச் சுற்றி நடந்தான். முதல் எஞ்சின். இரண்டாவது. மூன்றாவதன் முன்னால் நின்றுவிட்டான். திரும்பி முதலாவதைப் பார்த்தான். ஐந்திலும் சக்கரக் கோட்டின் மேல் வெள்ளை, அளவெடுத்தது மாதிரி மெல்லிசாக.

"சார், இந்த வெள்ளை எல்லாம் யார் கைவண்ணம்?" என்றான், குரலில் தேன் தடவி.

"நான்தான். மாணவர்களை விட்டா அப்பிடுவாங்க." புரொபசர் பெருமையோடு மேஜையிலிருந்த சின்னக் குப்பியைக் காட்டினார். எழுத்துப் பிழையை அழிக்கும் வெள்ளை மை. "லைட் அடிச்சா முத்து மாதிரி தெரியும்."

டாக்ஸி அண்ணியைப் பார்த்தான். அண்ணி அறிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பக்கம். அவள் விரல் ஒரு வரியின் மேல் நின்றிருந்தது. காலையில் அவனே வானொலிக் குரலில் வாசித்த வரி. அது என்ன சொல்கிறது என்று அப்போதுதான் அவன் மண்டையில் ஏறியது. பத்தொன்பது வருஷம் வண்டி ஓட்டியவன்! காதில் விழுந்தும் உறைக்காமல் போனதற்குத் தன்னையே அறைந்துகொள்ளத் தோன்றியது.

"சார்," என்றாள் அண்ணி. "டைமிங் லைட் எப்ப மின்னும்?"

"ஒவ்வொரு தீப்பொறிக்கும் மின்னும். முதல் பாடம் அது."

"எஞ்சின் ஓடினாத்தானே தீப்பொறி?"

"ஆமா."

"போலீஸ் முற்றத்துல நிக்கற கார்ல பேட்டரி தூள். தீப்பொறி கொடுக்கற காயில் நசுங்கிக் கிடக்கு. பிஸ்டன்ல ஓட்டை. நீங்க எதை ஓட்டி லைட் அடிச்சுப் பாத்தீங்க?"

புரொபசரின் சிவப்புப் பேனா விடைத்தாளின் மேல் அப்படியே நின்றது. அந்த இடத்தில் மை ஊறிப் பரவியது.

அப்போது மேஜை மேலிருந்த போன் நடுங்கத் தொடங்கியது. திரையில் 'மாப்பிள்ளை' என்று எழுத்து. அதன் கீழே, சிரித்த முகத்தோடு, கண்ணாடிக் கடைக்காரர்.

"தங்கச்சி வீட்டுக்காரரா சார்?" என்றான் டாக்ஸி. "எடுங்க. நாங்க கிளம்பிட்டோமான்னு கேப்பாரு."

புரொபசர் போனைக் கவிழ்த்து வைத்தார். "அந்த வரி... டைப்பிங் மிஸ்டேக். வழக்கமா எழுதற வரி அது, வந்து விழுந்துடுச்சு."

"அப்படியே எழுதிக் கொடுங்க," என்றாள் அண்ணி. குரல் உயரவில்லை. "சோதிக்காததைச் சோதிச்சேன்னு கோர்ட்டுக்குப் பொய் எழுதினேன்னு எழுதுங்க. இல்ல, அந்த வரி உண்மைன்னா, விபத்துக்கு முன்னாடியே அந்த வண்டியில கை வச்சேன்னு எழுதுங்க. எதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. ஒரு தடவை நானும் பாக்காம கையெழுத்துப் போட்டிருக்கேன் சார். ஒருத்தர் பதினாலு மாசம் உள்ள இருந்தார். நல்லா யோசிச்சு எழுதுங்க."

புரொபசர் எழுந்துவிட்டார். முகம் ரத்தமாகச் சிவந்திருந்தது. "நான் பொய் எழுதறவன் இல்லை! சோதிச்சேன். ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வீட்டு வாசல்ல வச்சு, நானே லைட் அடிச்சுப் பாத்தேன். பன்னிரண்டு டிகிரி லேட். அந்தப் படிக்காத பயல் வச்சிருந்த நம்பரை நான்தான் சரி பண்ணினேன். நான் வச்ச நேரம் சரியா இருந்துச்சு. அதனாலதான் அட்டவணை மேல தப்புன்னு எழுதினேன். இதுல பொய் எங்க இருக்கு?"

சொல்லி முடித்த பிறகுதான் தன் குரல் கூடம் முழுக்க எதிரொலித்தது அவருக்கே கேட்டது.

தையல்காரி அதுவரை வாசலோரம் நின்றிருந்தாள். மெல்ல நடந்து வந்து, வெள்ளை மைக் குப்பியை எடுத்து, அவர் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளின் மேல் வைத்தாள்.

"என் தம்பி பேசலைன்னு குத்தவாளி ஆக்கினீங்க," என்றாள். "உங்களுக்கு எல்லாம் தெரியும். வண்டியைத் தொட்டது நீங்க, திருத்தினது நீங்க, அந்த வீட்டு உறவு நீங்க. அதையெல்லாம் சொல்லாம பதினாறு பக்கம் எழுதியிருக்கீங்க. அவன் வாயை மூடினது சுபாவம். நீங்க மூடினதுக்கு என்ன பேர் சார்?"

அண்ணி ஒரு வெள்ளைத் தாளை அவர் முன்னால் நகர்த்தினாள். டாக்ஸி தன் பேனாவைக் கொடுத்தான்.

"ஒப்பம் ஒரு வரியில போதும் சார்," என்றான். அவனுக்கே சிரிப்பு வரவில்லை.

அவர் எழுதினார். பொய்யன் என்ற பேரைவிட அது மேல் என்று நினைத்தாரோ என்னவோ, எதையும் விடாமல், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினார்.

மறுநாள் பத்தே முக்காலுக்கு மௌனிக்கு ஜாமீன் கிடைத்தது. வெளியே வந்து அக்காவிடம் சொன்னது ஒரே வார்த்தை: "பசிக்குது." நான்கு மாதம் கழித்து அவன் மீதான வழக்கு கைவிடப்பட்டது. பட்டறை திறந்தது; வந்துகொண்டிருந்த வண்டிகளில் பாதி திரும்பி வரவில்லை. உறவை மறைத்து அறிக்கை கொடுத்ததற்காகப் புரொபசர் மீது வழக்கு நடந்தது, வேலை போனது. அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. முற்றத்துக்கு வந்து கம்பியை விட்டுப் பார்க்கவும் இல்லை. தெரிந்தே வாயை மூடியிருந்த கண்ணாடிக் கடைக்காரர் அபராதம் கட்டினார். அவர் மனைவி அண்ணனோடும் பேசுவதில்லை, புருஷனோடும் அதிகம் பேசுவதில்லை. எதிர்ப் பட்டறைக்காரர் அன்றைக்குத் தன் பெயர் அடிபட்டதை இன்றுவரை அறியார். தையல்காரி இப்போது இரண்டு நெயில் பாலிஷ் வாங்குகிறாள்; ஒன்று தம்பிக்கு. கடைக்காரரின் தம்பி ஒரு வருஷம் கழித்துக் கைத்தடியோடு நடந்தார். ஒருநாள் மௌனியின் பட்டறைக்கு வந்து, ஒரு மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வாரமும் வந்தார்.